செமஸ்டர் லீவு: என் 47 நாள் கணக்கு (மாடித் தொட்டி, அப்பாவின் பற்று நோட்டு)

மாடித்தொட்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இசிஇ இரண்டாம் வருஷம் முடித்திருக்கிறேன். ஊர் விருதுநகர் மாவட்டத்தில். மே 13 முதல் ஜூன் 28 வரை 47 நாள் லீவு. நாளை காலை ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறேன். பெட்டி கட்டுவதற்கு முன்னால் நடந்ததை எழுதி வைக்கிறேன். கடைசியில் இரண்டு கேள்வி இருக்கிறது.

போன வருஷ லீவில் பன்னிரண்டு வரியில் ஒரு பட்டியல் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். தினமும் அஞ்சு மணிக்கு எழுவது, பைத்தான், ஜப்பான் மொழி, உடற்பயிற்சி, நாளுக்கு முப்பது பக்கம் படிப்பது என்று போகும். பத்து நாள்கூட ஓடவில்லை. இந்த வருஷம் பட்டியலே போடவில்லை. வந்த இரண்டாம் நாள் அம்மா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் சம்ப்பில் (தரைக்குக் கீழே இருக்கும் தொட்டி) இறங்கும், அங்கிருந்து 1 எச்.பி. மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். 1000 லிட்டர் கறுப்புத் தொட்டி. நிறைந்ததா என்று பார்க்க அம்மா 19 படி ஏறி இறங்குவார், ஒரு தடவை மோட்டார் போட்டால் குறைந்தது இரண்டு முறை. முழங்கால் வலி நாலு வருஷமாக இருக்கிறது. நான் கல்லூரியில் சென்சார் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்து எழுபத்தெட்டு மார்க் வாங்கியிருக்கிறேன், அம்மா இன்னும் படி ஏறுகிறார். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

சென்னையில் இருக்கும் மாமா பையன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஈஎஸ்பி32 போர்டும் (புரோகிராம் ஏற்றக்கூடிய சின்னக் கம்ப்யூட்டர்), எச்.சி-எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சாரும், மோட்டாரைப் போட்டு அணைக்க ஒரு ரிலே மாட்யூலும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டான். சென்சாரைத் தொட்டியின் மூடியில் கீழ்நோக்கிப் பொருத்தினேன். அது ஒலியை அனுப்பும், தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடலாம். சென்சாரின் எக்கோ கால் (எதிரொலி வந்ததைப் போர்டுக்குச் சொல்லும் இணைப்பு) 5 வோல்ட் தருகிறது, ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட்தான். அதனால் நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் இரண்டு ரெசிஸ்டரைப் போட்டு இறக்கினேன். வகுப்பில் கணக்காக மட்டுமே பார்த்த வோல்டேஜ் டிவைடர் முதல் முறையாக என் கையில் வேலை செய்தது.

முதல் நாள் மதியம் ஒரு விசித்திரம். மோட்டார் யாரும் போடவில்லை, ஆனால் தண்ணீர் 4 செ.மீ. ஏறியதாகக் காட்டியது. இரண்டு நாள் புரோகிராமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தப்பு அதில் இல்லை. ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று எழுதியிருந்தேன், அது 20 டிகிரிக்கு உரிய கணக்கு. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். அக்னி நட்சத்திரத்தில் கறுப்புத் தொட்டிக்குள் காற்று 45 டிகிரியைத் தொட்டால் வேகம் 358. எதிரொலி சீக்கிரம் வந்துவிடுகிறது, புரோகிராம் தண்ணீர் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. ஒரு மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் வித்தியாசம், அச்சாக அதேதான். இதைக் கண்டுபிடித்த மதியம் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்றிருந்தேன், கால் சுட்டதே அப்புறம்தான் தெரிந்தது.

ஆறாம் நாள் சென்சார் செத்தது. தொட்டிக்குள் எழும் ஆவி அதன் இரண்டு கண்ணிலும் வியர்த்துப் படிந்து, உள்ளே இறங்கிவிட்டது. எந்த அளவிலும் ஒரே எண்ணைக் காட்டியது.

அதைவிடப் பெரிய தவறு ஜூன் 3 இரவு. தொட்டி நிறைந்தது, ரிலேயின் எல்இடி அணைந்தது, மோட்டார் மட்டும் நிற்கவில்லை. தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக இறங்கி அவர்கள் திண்ணையில் காய வைத்திருந்த வற்றல் முழுக்க நனைந்தது. அப்பா ஓடிப் போய் எம்சிபியை (கரன்ட்டை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கினார். ரிலேயைக் கழற்றி ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினேன். ‘டிக்’ என்று விடுபட்டது. உள்ளே இரண்டு கான்டாக்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. மறுநாள் அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு அத்தைக்குப் புது வற்றல் போட்டுக் கொடுத்தோம்.

இப்போது ரிலே இல்லாமல், தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சும் கீழே சமையலறையில் ஒரு பஸ்ஸரும் மட்டும் இருக்கின்றன. நிறைந்தால் பஸ்ஸர் கத்தும், அம்மா சுவிட்சை அணைப்பார். படி ஏறுவதில்லை.

இரண்டாவது வேலை அப்பாவின் மளிகைக் கடை பற்று நோட்டு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

பழக்கம் என்று சொன்னால் ஒன்றே ஒன்று. தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. அந்தத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் அன்று செய்ததை ராத்திரி இரண்டு வரி எழுதினேன். 47 தாளையும் நூலில் கோத்து வைத்திருக்கிறேன். 38இல் எழுத்து இருக்கிறது, 9 வெறுமை.

கேள்வி: ஒன்று, மோட்டார் தானாக நிற்க ரிலே பகுதியை எப்படிச் சரியாகச் செய்வது? இரண்டு, ஹாஸ்டலில் இந்த ஓட்டம் அறுந்துபோகாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

---

பழைய வயர்மேன்

தம்பி, படிச்சேன். முதல்ல ஒண்ணு. ரிலேல 10 ஆம்பியர்னு அச்சடிச்சிருக்கும், அதை நம்பி மோட்டாரை நேரா அதுல கொடுக்கக் கூடாது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது அஞ்சாறு ஆம்பியர் இழுக்கும், சரி. ஆனா எடுக்கிற அந்த முதல் நொடியில அதைப் போல அஞ்சு ஆறு மடங்கு இழுக்கும். அணைக்கும்போது காயில்லேர்ந்து ஒரு பொறி வேற. இத்தனூண்டு கான்டாக்ட் உருகி ஒட்டாம என்ன செய்யும்? உனக்கு ஒட்டுனது நல்ல நேரத்துல. நடு ராத்திரி எல்லாரும் தூங்குற நேரத்துல ஒட்டியிருந்தா சம்ப் காலியாகி மோட்டார் டிரையா ஓடி, காயில் கருகியிருக்கும்.

இப்படிச் செய்யி. ஒரு கான்டாக்டர் வாங்கு, பெரிய கரன்ட்டைத் தாங்குற ரிலே மாதிரி அது. உன் சின்ன ரிலே அந்தக் கான்டாக்டரோட காயிலை மட்டும் இழுக்கட்டும். மோட்டார் கரன்ட் கான்டாக்டர் வழியாப் போகட்டும். கூட ஒரு ஓவர்லோடு ரிலே, மோட்டார் அளவுக்கு மேல இழுத்தா அது நிறுத்திடும். ஆட்டோ, மேனுவல்னு ஒரு செலக்டர் சுவிட்ச் கட்டாயம் வை. நீ ஹாஸ்டல்ல இருக்கும்போது போர்டு மக்கர் பண்ணுனா வீட்ல தண்ணி இல்லாம நிக்கக் கூடாது.

அப்புறம் முக்கியமா, 230 வோல்ட் பக்கத்தை நீ கட்டாதே. லைசென்ஸ் வச்சிருக்கிற வயர்மேனைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்லு. மாடி ஈரம், வெறுங்கால், தண்ணித் தொட்டி. இந்த மூணும் சேர்ந்த இடத்துல நான் முப்பது வருஷத்துல பார்க்கக் கூடாததைப் பார்த்திருக்கேன். வீட்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிஞ்சா தானே அணையுற சுவிட்ச், இருக்கான்னு பாரு. இருந்தா அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்கச் சொல்லு. மோட்டார் பாடிக்கு எர்த் வயர் போயிருக்கான்னும் பாரு. எர்த் இல்லாத மோட்டார் நம்ம பக்கம் பாதிக்கு மேல.

---

மாடித்தொட்டி

அண்ணா, ரொம்ப நன்றி. நான் தம்பி இல்லை, தங்கச்சி. இப்போதே போய்ப் பார்த்தேன். ஆர்சிசிபி இருக்கிறது, மோட்டாருக்கு எர்த் வயர் இல்லை. ஒரு வெட்டுப்பட்ட பச்சை வயர் சுவரோரமாகத் தொங்குகிறது, மோட்டார் வரை வரவேயில்லை. இத்தனை நாள் அந்த மோட்டாரைத் தொட்டுத்தான் வேலை செய்திருக்கிறேன். அப்பா நாளைக்கே வயர்மேனை வரச் சொல்லிவிட்டார்.

---

பழைய வயர்மேன்

அது முதல்ல நடக்கட்டும்மா. மத்ததெல்லாம் அப்புறம்.

---

கோவை எம்பெடட்

பதினோரு வருஷமாகப் பம்ப் கன்ட்ரோலர் வேலையில் இருக்கிறேன். வெயிலால் வந்த 4 செ.மீ. பிழையைத் தானாகக் கண்டுபிடித்த இரண்டாம் வருஷ மாணவியை நான் இன்டர்வியூவில் பார்த்தால் அடுத்த கேள்வி கேட்க மாட்டேன். உண்மையாகவே சொல்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆன்லைனில் கிடைத்த புரோகிராமை அப்படியே ஏற்றி, ஓடியது என்று காட்டுவார்கள். ஏன் தப்பாக ஓடியது என்று பேச ஆள் கிடைப்பதில்லை.

உங்கள் டிசைனுக்கு வருகிறேன். நீங்கள் பயன்படுத்திய வகை ரிலே மாட்யூல் பெரும்பாலும் ஆக்டிவ் லோ. அதாவது ரிலேயோடு இணைத்த போர்டின் பின்னில் (இணைப்புக் கால்) வோல்டேஜ் தாழ்ந்தால் ரிலே இழுக்கும். கரன்ட் போய்த் திரும்பி வரும் நொடியில் ஈஎஸ்பி32 விழித்துக்கொள்வதற்குள் பின் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் ஊரில் ஒரு நாளில் நாலு தடவை கரன்ட் போனால் நாலு தடவையும் மோட்டார் ஒரு உதறு உதறும். அந்தப் பின்னின் வோல்டேஜைத் தாழாமல் பிடித்து வைக்க 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போடுங்கள். 0, 2, 12, 15 ஆகிய பின்களை ரிலேக்குக் கொடுக்காதீர்கள். அவை போர்டு துவங்கும் விதத்தைத் தீர்மானிக்கிற பின்கள்.

தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?

---

மாடித்தொட்டி

காலியிலிருந்து 22 நிமிடம். எட்டு நாள் அளந்து பார்த்த சராசரி, காலண்டர் தாளில் இருக்கிறது.

---

கோவை எம்பெடட்

அந்த எட்டுத் தாளும் பொன். புரோகிராமில் எழுதுங்கள்: சென்சார் எதைச் சொன்னாலும் 30 நிமிடம் தாண்டினால் மோட்டார் நிற்க வேண்டும், மனிதர் யாராவது வந்து பட்டனை அமுக்கும் வரை மறுபடி எடுக்கக் கூடாது. நாங்கள் விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் இந்த வரி இருக்கிறது.

இன்னொன்று, அல்ட்ராசோனிக்கை விட்டு மிதவைக்கு வந்ததைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்களோ என்று தோன்றியது. தொட்டி நிறைந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால் மிதவைதான் சரியான விடை. எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டுமானால் மட்டும் தண்ணீர் புகாத உறை போட்ட அல்ட்ராசோனிக் சென்சார் வாங்குங்கள். அந்தச் சென்சாருக்குத் தன் முகத்திலிருந்து 20, 25 செ.மீ. வரை கண் தெரியாது, அதனால் தண்ணீர் மட்டத்திலிருந்து உயர்த்திப் பொருத்த வேண்டும்.

---

பழைய வயர்மேன்

சார் சொல்றது சரி. நான் இன்னும் ஒரு படி மேல போறேன். மேல தொட்டியில ஒரு மிதவை, கீழ சம்ப்புல ஒரு மிதவை, ரெண்டையும் கான்டாக்டர் காயிலோட வரிசையாக் கோத்துட்டா கம்ப்யூட்டரே வேண்டாம். மேல நிறைஞ்சாலும் நிக்கும், கீழ வறண்டாலும் நிக்கும். எங்க தெருவுல பன்னெண்டு வீட்டுக்குப் போட்டிருக்கேன். ஒண்ணே ஒண்ணு, காயில் 230 வோல்ட்டுங்கிறதால மிதவை வயரும் 230 தாங்கணும், கட்டுறதும் வயர்மேன்தான் கட்டணும்.

---

கோவை எம்பெடட்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. பாதுகாப்பு அந்த இரண்டு மிதவையில் இருக்கட்டும். ஈஎஸ்பி32 கணக்கு எழுதவும் தகவல் சொல்லவும் மட்டும் இருக்கட்டும்.

---

ஓய்வுபெற்ற டீச்சர்

நான் கணக்கு டீச்சராக இருந்தவள். ரிலே எனக்குப் புரியாது. அந்த ஒன்பது வெறுமைத் தாள் பற்றித்தான் கேட்க வந்தேன். கண்ணம்மா, அந்த ஒன்பது நாளும் என்ன நடந்தது?

இப்போது பிள்ளைகள் லீவையும் வேலை நாளைப் போல நிரப்புவதைப் பார்க்கிறேன். என் பேத்திக்கு எட்டு வயது, அவளுக்கு மே மாதத்தில் மூன்று வகுப்பு. மரத்தடியில் சும்மா படுத்துக் கிடக்கிற பகல் ஒன்று எந்தக் குழந்தைக்கும் வாய்ப்பதில்லை. நீயும் அந்தச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

---

மாடித்தொட்டி

டீச்சர், எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மூன்று நாள் அக்கா நாத்தனார் கல்யாணம், திருச்சுழி போயிருந்தோம். இரண்டு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், சமையல் முழுக்க நான். ஒரு நாள் சித்தப்பா வீட்டுக் கிணற்றில் குளித்துவிட்டு வேப்ப மரத்தடியில் சாயங்காலம் வரை தூங்கினேன். மீதி மூன்று நாள் சென்சார் செத்த பிறகு எதையும் தொடப் பிடிக்கவில்லை, படுத்தே கிடந்தேன். அந்த மூன்றுதான் கஷ்டமானவை. மற்ற ஆறும் நல்ல நாள்கள்.

அஞ்சு மணிக்கு எழுந்ததைப் பற்றி வேறு இழையில் ஒருவர் கேட்டிருந்தார். நான் அதைப் பழக்கமாக ஆரம்பிக்கவில்லை டீச்சர். மே மாதம் எட்டு மணிக்கு மேல் மாடியில் நிற்க முடியாது, சால்டரிங் வைக்கும் கை வியர்த்து வழுக்கும். மாடி வேலை முடிய வேண்டுமானால் அஞ்சுக்கு ஏற வேண்டும். வேலை இருந்ததால் எழுந்தேன். மிதவை போட்டு மாடி வேலை முடிந்த மறுநாள் ஏழரை வரை தூங்கினேன்.

---

ஓய்வுபெற்ற டீச்சர்

கிணற்று நாளைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்தப் பற்று நோட்டுக் கதையை எழுது, காத்திருக்கிறேன்.

---

மாடித்தொட்டி

எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளம்.

அப்பா கடையில் கடனுக்கு வாங்குகிறவர்கள் 140 பேருக்கு மேல். ஆளுக்கு ஒரு பக்கம், தடித்த நோட்டு. யார் வந்தாலும் பக்கத்தைத் தேடிப் புரட்ட வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று நினைத்தேன். வீட்டில் இருந்தது அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு இலவச லேப்டாப். 2 ஜிபி ராம், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. துவங்க நாலு நிமிடம் ஆகும். அடிப்பக்கத்தைக் கழற்றி 4 ஜிபி ராம் கூடுதலாகப் போட்டு, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி மாட்டி, பழைய கம்ப்யூட்டருக்கும் பாரமில்லாத லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏற்றினேன். இப்போது அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. பழைய லேப்டாப்பைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாதீர்கள்.

140 பேரையும் தமிழில் ஏற்ற வேண்டும். அதுவரை நான் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கித்தான் பழக்கம். தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொண்டேன். உயிரெழுத்து இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ‘க’வை இரண்டு தடவை தட்டினால் முதல் ‘க’வுக்குத் தானே புள்ளி விழுந்து ‘க்க’ ஆகிவிடும். ‘ந’வுக்குப் பிறகு ‘த’ தட்டினால் ‘ந்த’. தமிழில் எந்த எழுத்துக்குப் பின்னால் எது வரும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து வகுத்திருக்கிறார்கள் என்று விரல் பழகப் பழகத்தான் புரிந்தது. முதல் வாரம் ஒரு பெயர் அடிக்க ஒரு நிமிடம் ஆனது. மூன்றாம் வாரம் விசைப்பலகையைப் பார்க்காமல் அடித்தேன்.

பைத்தானில் எழுதி, பெயரை அகரவரிசையில் அடுக்கி அப்பாவிடம் காட்டினேன். அப்பா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். திரையில் விரல் வைத்துக்கொண்டே கீழே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். “பக்கிரி எப்படிம்மா பகவதிக்கு அப்புறம் வருவான்? அகராதியில புள்ளி வச்சதுதானே முன்னாடி?”

அப்பா சொன்னது சரி. ‘க்’ முதலில், பிறகு ‘க’. கம்ப்யூட்டர் எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ‘க’ ஒரு குறியீடு, புள்ளி தனிக் குறியீடு. அந்தப் புள்ளிக்குக் கொடுத்திருக்கும் எண் எல்லா மெய்க்கும் கால், கொம்புக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர் புள்ளி வைத்ததைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. அப்புறம் பார்த்தால் ‘ன’ நேராக ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும் நிற்கின்றன. நம் வரிசையில் இரண்டும் கடைசியில் வர வேண்டியவை. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு மூன்றெழுத்து.

நான்கு நாள் இதிலேயே போனது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. பிரித்த எழுத்துக்கு ஒண்ணாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த வரிசையில் எண் கொடுத்தேன். உயிர் 12, ஆய்தம், பிறகு ஒவ்வொரு மெய்யும் அதன் உயிர்மெய்க் குடும்பமும், கடைசியில் ஜ, ஷ, ஸ, ஹ. அந்த எண்ணை வைத்து அடுக்கச் சொன்னேன். பக்கிரி பகவதிக்கு முன்னால் வந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழைய நோட்டை எடுத்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தார். அதுதான் அவர் பதில்.

---

ஓய்வுபெற்ற டீச்சர்

அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

---

மஞ்சள் பக்கம்

இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். பக்கிரி கதையைப் படித்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை. நீங்கள் இன்னும் ஒன்றைச் சந்தித்திருப்பீர்கள்: ‘கொ’வை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு. ஒரே ஆள் இரண்டு பெயராக நோட்டில் ஏறியிருப்பார். அடுக்குவதற்கு முன்னால் நார்மலைஸ் செய்துகொள்ளுங்கள் (இரண்டு வகையையும் ஒரே வகையாக்குவது), பைத்தானிலேயே அதற்கு வழி இருக்கிறது.

---

மாடித்தொட்டி

ஐயோ, ஆமாம். கோமதி அத்தை இரண்டு இடத்தில் இருந்தார். தவறி இரண்டு தடவை ஏற்றிவிட்டேன் என்று நினைத்து ஒன்றை அழித்தேன். அழித்ததில் கணக்கு இருந்ததா என்று பழைய நோட்டை வைத்து இன்றைக்கே சரிபார்க்கிறேன். மிக்க நன்றி அண்ணா.

---

சிவகாசி பைண்டர்

இதையெல்லாம் படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும், மனசுல வச்சுக்கிட்டுப் போக முடியல.

நானும் இரண்டாம் வருஷம்தான், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எனக்கு லீவுன்னா நோட்டு பைண்டிங். பள்ளிக்கூடம் ஜூன்ல திறக்கும், அதுக்குள்ள நோட்டுப் போகணும், மே முழுக்க காலை எட்டு மணிலேர்ந்து ராத்திரி வரை. ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம் காலண்டர் சீசன், அப்ப ஞாயித்துக்கிழமை எல்லாம் அங்கதான். அக்கா, நீங்க பின்னாடி எழுதுற அந்தத் தாளை அடுக்கித் தகரம் அடிக்கிறது எங்க மாதிரி ஆளுங்கதான். லீவை எப்படிப் பயனுள்ளதா ஆக்குறதுன்னு எல்லாரும் பேசுறாங்க. சம்பளம் வாங்கி அம்மா கையில கொடுக்கிறது அந்தக் கணக்குல வராதா? எங்கிட்ட லேப்டாப் கிடையாது, போன் மட்டும்தான். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தா ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியும். அந்த ஒரு மணி நேரத்துல என்ன செய்ய முடியும்னு யாராவது சொன்னா கேட்டுக்கிறேன்.

---

கோவை எம்பெடட்

தம்பி, வரும். முதல் வரியிலேயே வரும். ரெஸ்யூமில் அந்த பைண்டிங் வேலையை எழுதுங்கள், மறைக்காதீர்கள். எத்தனை வருஷ சீசன், ஒரு நாளைக்கு எத்தனை நோட்டு என்று எண்ணோடு எழுதுங்கள்.

போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் பைத்தான் ஓடும், புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் ஓடும். முடிந்தால் பழைய யூஎஸ்பி கீபோர்டு ஒன்றை ஓடிஜி வயர் வழியாக இணைத்துக்கொள்ளுங்கள். நான் 2009இல் கல்லூரி லேப் மூடிய பிறகு பேப்பரில் புரோகிராம் எழுதி, மறுநாள் அடித்துப் பார்ப்பேன். அப்போது ஏங்கியது இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு மணி நேரம் குறைவு இல்லை, ஆனால் தூக்கத்தைத் திருடாதீர்கள்.

---

மாடித்தொட்டி

தம்பி, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எனக்கு இந்த 47 நாள் கிடைத்தது அப்பா கடையில் நிற்க என்னைக் கூப்பிடாததால்தான். அதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். கோத்து வைத்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். மேலே தகரப் பட்டை அடித்த இடம் எல்லாத் தாளிலும் ஒரே நேராக இருக்கிறது.

---

மஞ்சள் பக்கம்

சிவகாசித் தம்பிக்கு: போனிலேயே செய்ய ஒரு வேலை இருக்கிறது, நேரத்துக்குக் கட்டுப்படாதது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் விக்கிமூலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பக்கத்தின் படம் ஒரு புறம், கம்ப்யூட்டர் படித்த எழுத்து மறுபுறம். கம்ப்யூட்டர் தப்பாகப் படித்ததைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. நீங்கள் திருத்திச் சேமித்தால் மஞ்சள். வேறொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. தன் பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது.

எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன். ‘ர’வும் காலும் இடம் மாறும், ‘எ’ ‘ஏ’ மாறும். ‘பௌர்ணமி’யில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். பார்த்தால் தெரியாது, தேடினால் அகப்படாது. ஒரு பக்கத்துக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகும். தூங்குவதற்கு முன் ஒரு பக்கம், முடியாவிட்டால் அரைப் பக்கம். அச்சு வேலை பார்த்த கண் இருப்பவர்கள் எங்களுக்குக் கிடைப்பதே அபூர்வம்.

---

சிவகாசி பைண்டர்

அச்சுப் பிழை கண்ணுல படும் அண்ணா, அது பழக்கம். கணக்கு திறந்துட்டேன். பார்க்கிறேன்.

---

மூன்றாம் செமஸ்டர்

ஹாஸ்டல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் செய்தது: ரூம்மேட்டோடு சேர்ந்து ஒரு பழுதை எடுத்துக்கொண்டோம். எங்கள் பிளாக்கில் வாஷிங் மெஷின் காலியா இல்லையா என்று பார்க்க மூன்று மாடி இறங்க வேண்டும். வார்டனிடம் அனுமதி வாங்கி, மெஷின் அதிர்கிறதா என்று பார்க்கும் ஒரு சென்சாரை வெளியில் ஒட்டி, மாடியில் ஒரு விளக்கு எரிய வைத்தோம். மெஷினைத் திறக்கவே இல்லை. இரண்டு செமஸ்டராக எரிகிறது. அது அணைந்தால் பத்துப் பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள், அதனால் விட முடிவதில்லை.

---

மாடித்தொட்டி (ஒன்பது நாள் கழித்து)

ஹாஸ்டலிலிருந்து எழுதுகிறேன். வயர்மேன் வந்து மோட்டாருக்கு எர்த் கொடுத்து, கான்டாக்டரும் இரண்டு மிதவையும் மாட்டிவிட்டார். செலக்டர் சுவிட்சில் அம்மாவுக்காகத் தமிழில் ‘தானாக’, ‘கையால்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்று போனில் கேட்டேன், ஒரு வாரமாக மாடிக்கே போகவில்லையாம். வடகம் காய வைக்க மட்டும் போனாராம். கோமதி அத்தை கணக்கில் 310 ரூபாய் விட்டுப் போயிருந்தது, பழைய நோட்டில் பார்த்துச் சேர்த்துவிட்டோம்.

---

பழைய வயர்மேன்

ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன்?

---

மாடித்தொட்டி

ஒண்ணாம் தேதிதோறும் அப்பா அமுக்குவார் அண்ணா. காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன், டிசம்பர் வரை.

---

சிவகாசி பைண்டர்

ஆறு பக்கம் மஞ்சளாக்கிட்டேன். யாராச்சும் பார்த்துச் சொல்லுங்க.

---

மாடித்தொட்டி

நானும் கணக்குத் திறந்திருக்கிறேன். உங்கள் ஆறில் நாலு பக்கத்தைப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். மூன்றில் ஒரு பிழையும் இல்லை, பச்சையாக்கிவிட்டேன். நாலாவதில் கீழிருந்து ஐந்தாம் வரி, ‘மரம்’ என்பதில் நடு ‘ர’ காலாக இருந்தது. திருத்திவிட்டேன். மீதி இரண்டை ராத்திரி பார்க்கிறேன்.